டைப் அடிக்கக் காசு எதுக்கு?



நான் பத்தாவதுதான் படிச்சவ. போன வருஷம் வங்கிக்குக் கடன் மனு கொடுக்க மறுநாள்தான் கடைசி. நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டரில் மென்பொருள் கெடு முடிஞ்சுபோச்சு. சந்தா கட்டினால்தான் அடிக்க முடியுமாம், அதுவும் வருஷா வருஷம். நம்ம சேமிப்பிலிருந்துதானே கட்டணும்?

என் மகள்தான் லிப்ரே ஆபீஸை இறக்கிப் போட்டாள். ஒரு பைசா கிடையாது. 2010-ல் தொடங்கியது; உலகம் முழுக்கப் பலர் கூடிச் செய்கிறார்கள். பழைய மனு அதிலேயே திறந்தது. அவள் சொல்லச் சொல்ல நானே அடித்தேன். மனு நேரத்துக்குப் போய்விட்டது.

இப்போது கடிதம், தீர்மானம் எல்லாம் ரைட்டரில். வட்டிக் கணக்கு கால்க்கில். ஏற்றிய பிறகு நெட் வேண்டாம். தமிழை யூனிகோடில் அடிங்க. வெளியே அனுப்பும்போது பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்க, எழுத்து கலையாது.

1989-ல் தமிழ்நாட்டில் அரசின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியது நம்ம தர்மபுரியில்தான். பத்துப் பேர் கூடினால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாதா? இந்த மென்பொருளும் அப்படி வந்ததுதான். பயப்படாமல் கத்துக்கோங்க.