வருமானத்துக்குச் சான்று

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள், பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தாய் என் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகள் எங்கள் பாடசாலையிற் படித்தவள். உறவினர் மகன் ஒருவரை மணந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. கணவர் கனடாவில், அவளோ இன்னும் தாய் வீட்டில். அந்த இளைஞர் டொரொன்டோ நகரில் ஓர் உணவுச்சாலையிற் சமையல் வேலை செய்கிறார். வாரக் கூலி கையிற் பணமாகவே கிடைத்து வந்தமையால், மனைவியை அழைக்க விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது, வருமான வரிப் பத்திரம் ஒன்றேனும் அவரிடம் இருக்கவில்லை.

"பத்திரம் இல்லாட்டி எம் புள்ள புருசங்கிட்டப் போக ஏலாதுங்களா, சார்?" என்று அத்தாய் கேட்டார்.

இக்கேள்வி மலையகத்துக்குப் புதியதன்று. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் முன்னோரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டிலே இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. பதிவு கோருவோர் 1946 ஜனவரிக்கு முன்னர், மணமானவராயின் 7 ஆண்டுகளும் மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்திருக்க வேண்டும். மனைவியும் வயதுவராத பிள்ளைகளும் இங்கேயே வாழ்ந்து வந்தனர் என்று காட்ட வேண்டும். அவற்றோடு, தம்மையும் தம்மைச் சார்ந்தோரையும் தாங்குதற்கு நிச்சயமான வருமானமோ தக்க தொழிலோ உண்டு என்றும் மெய்ப்பிக்க வேண்டும்.

கொழுந்து பறித்தவருக்கும் கவ்வாத்து வெட்டியவருக்கும் வரிப் பத்திரம் ஏது? சட்டம் அதனைக் கேட்கவும் இல்லை. வருமானம் இல்லாவிடினும் தொழிலோ நேர்மையான வேறு பிழைப்போ போதும் என்று அது ஒரு வாயிலைத் திறந்தே வைத்திருந்தது. தோட்டத்துச் செக்ரோலில் இருந்த பெயரே பலருக்குச் சான்றாயிற்று. இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. ஒரு தோட்டத்திற் பெருமாள் என்றும் மற்றொரு தோட்டத்திற் பெரமால் என்றும் எழுதப்பட்டவர் ஒருவரே என்று எவர் சொல்வது? தாயகத்துக்குச் சென்று 12 மாதத்துக்கு மேல் தங்கிவிட்டவர், தொடர்ந்து வாழ்ந்தவர் என்ற தகுதியை இழந்தார். விண்ணப்பங்களில் இடம்பெற்றோர் ஏறத்தாழ 8 இலட்சம் பேர். பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மட்டுமே.

எஞ்சியோரின் கதியை 1964 அக்டோபர் 30 இல் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் எண்ணிக்கையாற் பங்கிட்டது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. பெற்றோர் ஒரு கடவுச்சீட்டோடும் வளர்ந்த பிள்ளைகள் வேறொரு கடவுச்சீட்டோடும் நின்ற குடும்பங்கள் உண்டு. பதுளைப் புகையிரத நிலையத்தில் ஏறித் தலைமன்னார் சென்று கப்பலேறியவர்களை வழியனுப்பிய முதியோர் சிலர் இன்றும் நம்மிடையே வாழ்கின்றனர். இம்மக்களிற் பிரஜாவுரிமையின்றி எஞ்சியிருந்தோரின் குறையை நீக்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரவேண்டியிருந்தது.

இனி அத்தாயின் கேள்விக்கு வருவோம். நம் தோட்டங்களில் வரிப் பத்திரம் இல்லாமை குற்றமன்று. 2024 இல் விதிக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். அப்போது மாதம் 25 நாள் வேலை செய்தாலும் 33,750 ரூபாயே ஆயிற்று. 2025 ஏப்ரல் தொடக்கம் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாய், அதாவது மாதத்துக்கு 150,000 ரூபாய் வரையிலான வருமானத்துக்கு இந்நாட்டில் வரி இல்லை. ஆதலின், வரிக்கணக்கு என்பது செல்வர்களின் வேலை என்ற எண்ணத்தோடு நம் இளைஞர் வளர்கின்றனர்; அவ்வெண்ணத்தோடே கடல் கடந்தும் செல்கின்றனர். அங்கோ சிறு கூலி பெறுபவரும் ஆண்டுதோறும் கணக்குக் காட்டுவது வழக்கம்.

நாட்டுக்கு நாடு விதி வேறுபடும். பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 11 முதல், கணவனையோ மனைவியையோ புதிதாக அழைப்பவர் ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும் என்று விதிக்கப்பட்டது. அமெரிக்காவில் வறுமை எல்லைக்கு மேல் கால்பங்கு கூடுதலான வருமானம் வேண்டும். அது போதாதவிடத்துத் தகுதியுள்ள வேறொருவர் உடன் பொறுப்பேற்கலாம். கனடாவிலோ, கணவன் மனைவியரைப் பொறுத்தவரை, பெரும்பாலும் குறைந்தபட்ச வருமானம் என்ற எல்லையே இல்லை. அழைப்பவர், உடற்குறைபாட்டுக்கன்றி வேறு காரணத்துக்காக, அரசின் உதவிப் பணத்தில் வாழ்பவராக இருத்தல் கூடாது. மூன்றாண்டுகள் துணையைத் தாங்குவதாகக் கையொப்பமிட வேண்டும். வரி மதிப்பீட்டுப் பத்திரம் கேட்பார்கள்; இல்லாதவர் காரணத்தை எழுத்தில் விளக்கலாம். விதிகள் மாறும் இயல்பின. விண்ணப்பிக்கும் நாளில் உள்ளதை உரிய அரசுத் திணைக்களத்திலேயே அறிந்துகொள்ளுதல் நன்று.

ஆகவே அத்தாயிடம், "போகலாம், அம்மா. ஆனால் மருமகன் முதலிற் கணக்கை ஒழுங்கு செய்யட்டும்" என்றேன். கையிற் பெற்ற கூலியும் வருமானமே. தவறவிட்ட ஆண்டுகளின் கணக்கைத் தாமதமாகவேனும் வரித் திணைக்களத்துக்குக் காட்ட வழி உண்டு. தண்டம் ஏற்படினும் அது தீர்க்கக்கூடிய கடன். வேலை தந்தவரின் கடிதம், வங்கியில் இட்ட பணத்தின் கணக்கு, வீட்டு வாடகைப் பற்றுச்சீட்டு, மனைவிக்கு மாதந்தோறும் அனுப்பிய பணத்தின் சீட்டு ஆகியவை துணை நிற்கும். பணத்துக்குப் போலிப் பத்திரம் செய்து தருவோர் அங்கும் உளர், இங்கும் உளர். அவ்வழி சென்று அகப்பட்டவருக்குக் கனடாவின் கதவு ஐந்து ஆண்டுகள் அடைபடும். ஐந்து ஆண்டுகள் என்பது ஓர் இளம் குடும்பத்துக்குச் சிறிய காலமா?

அத்தாய் கேட்டு வந்தது மகளின் விடுகைப் பத்திரம். சேர்வு இடாப்பைப் புரட்டியபோது எனக்கு நாணம் உண்டாயிற்று. பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயருக்கும் எங்கள் இடாப்பில் உள்ள பெயருக்கும் ஓர் எழுத்து வேறுபாடு. பெருமாளைப் பெரமால் ஆக்கிய அதே பிழையை, கற்றவர்களாகிய நாங்களே செய்திருந்தோம். முறைப்படி அதனைத் திருத்துவதற்கு மூன்று வாரங்கள் சென்றன. மருமகனும் மூன்று ஆண்டுகளின் கணக்கை எழுதி அனுப்பியிருக்கிறார் என்று அறிகிறேன். விண்ணப்பத்துக்கு விடை இன்னும் வரவில்லை.

தோட்டத்து நேயர்களே! உழைப்பு உங்களுடையது, அதற்குச் சான்றும் உங்களிடமே இருக்கட்டும். சம்பளச் சீட்டை அடுப்பிற் போடாதீர்கள். ஊழியர் சேமலாப நிதிக் கூற்றைக் கேட்டுப் பெறுங்கள். கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவாளரிடமும் பதியுங்கள். பிள்ளையின் பெயர் எல்லாப் பத்திரங்களிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வாசிக்கத் தெரியாவிடின் பிள்ளையின் ஆசிரியரிடம் கொண்டு வாருங்கள். வாசித்துச் சொல்வது எங்கள் கடமை.

நம் பாட்டனார்களிடம் உழைப்பு இருந்தது, அதனை எழுதி வைத்த ஏடு பிறர் கையில் இருந்தது. இன்று அந்த ஏட்டை நம் வீட்டுப் பெட்டியிலேயே வைத்துக்கொள்ள முடியும்.