நடவு வயலில் நிமிர்ந்து நிற்க ஐந்து நிமிடம்



பெரியாறு-வைகைப் பாசனத்தில் தண்ணீர் திறந்துவிட்டால் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், மேலூர்ப் பக்கமெல்லாம் நடவுக்கு ஆள் கிடைப்பதே பெரும்பாடு. விதை, உரம், பூச்சிமருந்து பற்றி எவ்வளவோ பேசுகிறோம். நடுகிறவரின் இடுப்பைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஒரு கணக்குப் பாருங்கள். நெல்லை 20க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்து. ஏக்கருக்கு இரண்டு இலட்சம் குத்து. அத்தனையும் சேற்றில் கால் புதைய, குனிந்த முதுகோடு பின்னோக்கி நகர்ந்து நடப்படுபவை.

குனிந்தே இருந்தால் முதுகெலும்பின் பின்புறத் தசைநார்கள் கொஞ்சங் கொஞ்சமாக நீண்டு தளர்கின்றன. எலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் முன்பக்கம் நசுங்குகின்றன. நிமிர்ந்தவுடன் இவை பழைய நிலைக்கு வந்துவிடா. சில நிமிடங்களாவது ஆகும். அதனால்தான் வயலைவிட்டு ஏறிய கையோடு உர மூட்டையைத் தூக்குகிறவருக்குச் சுரீரென்று இடுப்பு பிடித்துக்கொள்கிறது. பழி மூட்டைமேல் விழுகிறது. அதற்கு முன் குனிந்திருந்த நேரத்தை யாரும் எண்ணுவதில்லை. ஏறியதும் சற்று நடந்துவிட்டு, பிறகு சுமை தூக்குங்கள்.

ஜப்பானில் 1928-ஆம் ஆண்டு வானொலியில் தொடங்கிய உடற்பயிற்சியைத் தொழிற்சாலைகளிலும் கட்டட வேலை இடங்களிலும் வேலைக்கு முன் இன்றும் சேர்ந்து செய்கிறார்கள். நமக்கு வரப்பு போதும். கைகளை இடுப்பின் பின்னால் வைத்து, முழங்கால் மடங்காமல் மெல்லப் பின்னால் வளைந்து, இரண்டு மூச்சு நேரம் நில்லுங்கள். ஐந்து முறை செய்யுங்கள். தோள்களைப் பத்து முறை சுழற்றுங்கள். ஒரு காலை முன்வைத்துப் பின்கால் கெண்டைச் சதையை நீட்டிவிடுங்கள். பிறகு காலை மாற்றுங்கள். வலி கூடினால் நிறுத்திவிடுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள், பரவாயில்லை. இதைவிட முக்கியம், அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து, அதே பின்வளைவை இரண்டு மூன்று முறை செய்வது.

சிக்கல் இங்கேதான். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசி நடுகிற பெண்கள், நிமிர்ந்தால் நேரம் போகுமே என்று நிமிர்வதில்லை. நாட்கூலி என்றால் வரப்பில் நிற்கும் நாம், "என்னம்மா நின்னுட்டே?" என்கிறோம். அந்தக் கேள்வியை விட்டுவிட்டு, "எல்லாரும் ஒரு தரம் நிமிருங்க" என்று நீங்களே குரல் கொடுங்கள்.

கருவியையும் பாருங்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் குட்டைக் காம்புக் களைக்கொத்தினால் தொழிலாளர் முதுகு கெடுகிறது என்று 1975-இல் அதைத் தடைசெய்தார்கள். நீளக் காம்பில் வேலை ஓடாது என்று பண்ணைக்காரர்கள் வாதாடிப் பார்த்தார்கள். நம் மல்லிகைத் தோட்டத்திலும் கத்தரிக் காட்டிலும் குட்டைக் காம்புதானே இருக்கிறது? நீளக் காம்பு போட்டுக்கொள்ளுங்கள். நெல்லில் 25க்கு 25 செ.மீ. சதுர நடவு செய்தால் ஏக்கருக்குச் சுமார் 64,000 குத்துதான். களையையும் நின்றபடி கோனோவீடரால் எடுக்கலாம். தள்ளுவதற்குத் தோள் வலிக்கும் என்பது மெய். ஆள் மாற்றித் தள்ளுங்கள்.

பயிற்சிக்கு அடங்காத வலியும் உண்டு. வலி காலுக்கு இறங்கினாலோ பாதம் மரத்தாலோ, வலி மாத்திரையை விழுங்கிவிட்டு மறுநாளும் வயலில் இறங்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போனாலோ கால் வலுவிழந்தாலோ, அன்றைக்கே மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிடுங்கள்.