காணாமல் போன டிவிடி டிரைவ்

(நமது கணினிப் பயிற்சிக் கூடத்தில் மாணவர்களிடமும் தொண்டர்களிடமும் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)



சென்ற மாதம் ஒரு சகோதரி நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் மவ்த்தாகி, இத்தா முடிந்த கையோடு வந்திருந்தார். குடும்ப ஓய்வூதிய மனுவுடன் இணைக்க நிக்காஹ் பதிவின் நகல் வேண்டும் என்றார். அந்தக் காலத்துத் தப்தர் மழையில் நனைந்து பக்கங்கள் ஒட்டிப்போனது உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்பே எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிவிடியில் பதிந்து பீரோவில் வைத்திருந்தோம். டிவிடி கையில் இருக்கிறது, போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. அலுவலகக் கணினியில் ஹார்டு டிஸ்க் மட்டும் தெரிகிறது. டிவிடி டிரைவ் பெயரளவில்கூட இல்லை.

பழுது பார்க்க வந்தவர் பெட்டியைத் திறக்கவே இல்லை. "பழைய மாடல், புதுசு வாங்கிடுங்க" என்றார். தேநீர் கொடுத்து அனுப்பி வைத்தோம். புதுக் கணினிக்குப் போகும் பணம் ஒரு பிள்ளையின் கல்விக் கட்டணம் அல்லவா? பிறகு நம் மாணவர்கள் இருவரை உட்கார வைத்துக்கொண்டு நாங்களே தேடினோம்.

முதலில் டிரைவின் பொத்தானை அழுத்தினோம். தட்டு வெளியே வந்தது, விளக்கும் எரிந்தது. அப்படியானால் மின்சாரம் போகிறது. தட்டு அசையாமல் விளக்கும் எரியாமல் இருந்திருந்தால் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் மின் வயரைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். (அப்போது உள்ளே வட்டு சிக்கியிருந்தால், மின்சாரத்தை அணைத்துவிட்டு, முகப்பில் உள்ள ஊசித் துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை மெதுவாக நுழைத்தால் தட்டு வெளியே வரும்.)

அடுத்ததுதான் முக்கியமான கேள்வி. டிரைவைக் காணாதது விண்டோஸா, கணினியேவா? இதைத் தெரிந்துகொள்ளாமல் மென்பொருளை ஏற்றுவதும் இறக்குவதுமாக நாள் முழுக்கப் போக்குகிறவர்கள் உண்டு. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தோம். கணினியை அணைத்து, மறுபடி போட்டவுடன் டெலிட் விசையைத் தட்டிக்கொண்டே இருந்தால் பயாஸ் திரை வரும். சில கணினிகளில் எஃப் 2. இணைத்துள்ள டிரைவ்களின் பட்டியல் அங்கே இருக்கும். எங்கள் பட்டியலில் ஹார்டு டிஸ்க் மட்டும்தான் இருந்தது. பயாஸே காணாத டிரைவை விண்டோஸ் எப்படிக் காணும்? ஆகவே விண்டோஸைத் தொடவில்லை.

மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, பெட்டியின் இரும்பைத் தொட்டுக் கையில் உள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிவிட்டு, திருப்புளியால் பக்கத் தகட்டைக் கழற்றினோம். சுண்ணாம்பு அடிப்பதற்காக மாடியிலிருந்து அந்தப் பெட்டியை இறக்கியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. டிரைவிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் மெல்லிய சாட்டா வயரைக் கழற்றி மாட்டினோம், பலனில்லை. மதர்போர்டில் வேறு துளைக்கு மாற்றினோம், அதிலும் இல்லை. மூலையில் கிடந்த செத்த கணினியிலிருந்து ஒரு சாட்டா வயரை எடுத்து மாட்டினோம். பயாஸ் பட்டியலில் டிரைவின் பெயர் வந்துவிட்டது. வயர்தான் பழுது!

இன்னும் பழைய கணினிகளில் 40 ஊசிகள் கொண்ட அகலப் பட்டை வயர் இருக்கும். அதில் இரண்டு டிரைவ்களை மாட்டலாம். ஆனால் டிரைவின் பின்புறமுள்ள சின்ன ஜம்பரால் ஒன்றை மாஸ்டராகவும் மற்றதை ஸ்லேவாகவும் வைக்க வேண்டும். இரண்டையும் மாஸ்டராக வைத்தால் ஒன்றோ இரண்டுமோ தெரியாமல் போகும்.

கணினியின் தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்குப் போகிறதா? மதர்போர்டில் உள்ள சி.ஆர்.2032 பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதனால் பயாஸ் அமைப்புகளும் மாறிவிடும். சரிசெய்யும்போது சாட்டா துளை அணைந்திருந்தால் இயக்குங்கள். ஐ.டி.இ., ஏ.எச்.சி.ஐ. என்ற தேர்வை மட்டும் யோசிக்காமல் மாற்றாதீர்கள். விண்டோஸே எழும்பாமல் போகலாம்.

பயிற்சிக் கூடத்தின் மூன்றாவது கணினியில் கதை வேறு. அங்கே பயாஸில் டிரைவ் இருந்தது, விண்டோஸில் இல்லை. டிவைஸ் மேனேஜரில் அதன்மேல் மஞ்சள் ஆச்சரியக்குறி. வட்டு பதியும் மென்பொருள் ஒன்றை நீக்கியபோது ரெஜிஸ்ட்ரியில் மிச்சம் விட்டுப்போன 'அப்பர் ஃபில்டர்ஸ்', 'லோயர் ஃபில்டர்ஸ்' என்ற பதிவுகள்தான் காரணம். டிவிடி டிரைவுக்குரிய பகுதியில் மட்டும் அவற்றை நீக்கி, கணினியை மறுபடி இயக்கியதும் சரியானது. இதே பெயர்கள் வேறு பகுதிகளிலும் இருக்கும். கை தவறினால் விசைப்பலகையே வேலை செய்யாது. ஆகவே முதலில் ரெஜிஸ்ட்ரியை நகல் எடுத்து வையுங்கள். பழக்கமில்லாதவர்கள் ஆசிரியரைக் கூப்பிடுங்கள்.

சகோதரிக்கு அன்று மாலையே நகல் கொடுத்துவிட்டோம். ஆனால் அதோடு நிற்கவில்லை. பீரோவில் இருந்த 14 டிவிடிகளையும் போட்டுப் பார்த்தோம். இரண்டு திறக்கவில்லை. வேறு டிரைவில் போட்டும் திறக்கவில்லை. அது டிரைவின் குற்றமல்ல, வட்டே கெட்டுவிட்டது. அந்த இரண்டிலும் எந்தெந்த வருஷத்துப் பதிவுகள் இருந்தன என்று இப்போது பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். நிக்காஹ் நகலை வீட்டில் வைத்திருப்பவர்கள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து அலுவலகத்தில் கொடுங்கள்.

மற்ற 12 வட்டுகளையும் இரண்டு வெளி ஹார்டு டிஸ்க்குகளில் ஏற்றும் வேலை சனிக்கிழமை அஸருக்குப் பிறகு நடக்கும், இன்ஷா அல்லாஹ். வீட்டில் பழைய சாட்டா வயர்கள் சும்மா கிடந்தால் எடுத்து வாருங்கள்.