ஆங்கில வகுப்பிற் கலைகள்



உயர்வகுப்புகளில் ஆங்கிலம் கற்பிக்கும் முறை குறித்துச் சில கருத்துகளைக் கூற விழைகின்றோம். நம் நாட்டுப் பிள்ளைகள் மூன்றாம் வகுப்புத் தொடக்கம் பதினோராம் வகுப்பு வரை ஒன்பது ஆண்டுகள் ஆங்கிலம் பயில்கின்றனர். அவ்வளவு காலம் பயின்றும், பிறர் முன்னிலையில் நான்கு வாக்கியம் பேச நாக்கூசி நிற்போர் பலர். இவர்கள் அறிவிற் குறைந்தவரல்லர். கற்ற சொற்கள் கண்வழியே புகுந்து கைவழியே தாளுக்குச் சென்றுவிட்டன. செவியையும் நாவையும் உள்ளத்தையும் தொடவில்லை. நடிப்பு, சித்திரம், இசை ஆகிய கலைகளை ஆங்கில வகுப்பினுள் அழைத்தல் வேண்டும் என்று நாம் கூறுவது இக்குறையைத் தீர்க்கும் பொருட்டேயாம்.

இது புதிய கொள்கை அன்று. இங்கிலாந்திற் கேம்பிறிட்ஜ் நகரத்துப் பேர்ஸ் பாடசாலையில் ஆசிரியராயிருந்த கோல்ட்வெல் குக் என்பார், மாணாக்கரை நாடகம் எழுதுவித்தும் நடிப்பித்தும் மொழி பயிற்றினார். அவ்வனுபவத்தை 1917-ல் 'விளையாட்டு வழி' எனப் பொருள்படும் பெயரால் நூலாக்கினார்.

ஆயினும், இவ்வழியை அறிய நாம் கடல் கடந்து செல்ல வேண்டுவதில்லை. மட்டக்களப்பு அண்ணாவியாரை நோக்குவோம். கூத்துப் பழக்கும்போது அவர் முதலிற் 'சட்டம் கொடுத்து' இன்னாருக்கு இன்ன பாத்திரம் என வகுக்கின்றார். பின் பாட்டைச் செவியாற் கேட்பித்து, வாயாற் சொல்வித்து, காலால் ஆடுவிக்கின்றார். சலங்கை அணிந்த பின்னரே அரங்கேற்றம். எழுத்தறியாத உழவரும் இவ்வாறு பயின்று, விடியும்வரை களரியில் நின்று பாடி ஆடினர். வீமனாக நிற்பவனுக்குக் கூச்சம் ஏது? நம் ஆங்கில வகுப்பிற்கு வேண்டியதும் இதுவே.

ஓர் உதாரணம் கூறுவோம். சேக்ஸ்பியரின் 'வெனிஸ் நகர வணிகன்' நாடகத்தில் நான்காம் அங்கத்து வழக்குக் காட்சியை எடுத்துக்கொள்வோம். கடனுக்கு ஈடாக ஓர் இறாத்தல் தசையைக் கேட்டு நிற்கின்றான் சைலொக். வழக்கறிஞர் வேடத்தில் வந்த போர்சியா, தசையை எடுக்கலாம், ஒரு துளி இரத்தமும் சிந்தலாகாது என்கின்றாள். மாணாக்கர் முதலில் அந்த நீதிமன்றத்தைச் சித்திரமாக வரைக. யார் எங்கே நிற்கின்றார் என்று காட்டுவதற்கு வரிகளை ஊன்றிப் படித்தே ஆகவேண்டும். அடுத்து, அடிக்கு ஐந்து அழுத்தமாகக் கைதட்டி வரிகளைச் சொல்லுக. ஆங்கிலச் சொல்லில் எவ்வசையை அழுத்துவது என்னும் உணர்வு தாளத்தோடு வந்துவிடும். பின்னர் எழுந்து நின்று நடிக்க. சைலொக்காக நிற்கும் மாணவன், பிறர் தன்னை இகழ்ந்த நோவையும் உணர்வான். இறுதியிற் செல்வம் இழந்து, மதமும் மாறுமாறு பணிக்கப்படும் அவனுக்குக் கிடைத்தது நீதியா என வகுப்பு இரு கட்சியாகி ஆங்கிலத்தில் வாதிடட்டும். கோபத்திலும் இரக்கத்திலும் பிறக்கும் பேச்சில் இலக்கணப் பிழை இருக்கலாம். அதனைப் பின்னர் திருத்தலாம். பேசாத வாயைத் திருத்துவது எங்ஙனம்?

"பரீட்சை நெருங்குகின்றது, கூத்தாட நேரமேது?" என்று பெற்றோர் வினவுதல் நியாயமே. முழு நாடகத்தையும் மேடையேற்றுமாறு நாம் கூறவில்லை. உடையும் திரையும் வேண்டா. வாரத்தில் ஒரு பாடவேளையும், ஒரு காட்சியும், ஒதுக்கிவைத்த வாங்குகளும் போதும். "இதனைக் கூறியவர் யார்? யாருக்குக் கூறினார்?" என்று வினாத்தாள் கேட்குமிடத்து, அவ்வார்த்தையைத் தன் வாயாற் கூறியவன் மறப்பானா?

ஆங்கிலத்தை நாடினால் நம் கலை தேய்ந்துவிடும் என அஞ்சுவோரும் உளர். அவர்கள் விபுலாநந்த அடிகளாரை நினைத்தல் நன்று. 1926-ல் வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நூலில், அடிகளார் சேக்ஸ்பியரின் பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு பொருத்தி ஆராய்ந்தார். ஆங்கிலப் புலமை அவரது தமிழை வளர்த்ததேயன்றிக் குறைத்ததில்லை.

நகரத்து வசதியுள்ள பிள்ளை வீட்டிலும் ஆங்கிலம் கேட்கின்றது. கிராமத்துப் பிள்ளைக்கோ வகுப்பறை ஒன்றே வழி. அங்கும் மௌனமாயின், பின்னர் உத்தியோகத்திற்கான நேர்முகப் பரீட்சையில் அது வாய்திறப்பது எவ்வாறு? ஆதலால், நம் சங்கம் ஆண்டு விழாவில் ஓர் ஆங்கிலக் காட்சிக்கு இடமளிப்பதாக. ஓய்வுபெற்ற ஆசிரியப் பெரியோர் மாலையில் ஒரு மணி நேரம் வந்து பழக்குவாராக. இளைஞர்களே, கடைசி வாங்கில் வாய்மூடி இருக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் முதலிற் 'சட்டம்' கொடுங்கள்.