மஞ்சத்தூள்!

புதுக்கோட்டை மாவட்டத்துல சின்ன வீரமங்கலம்னு ஒரு ஊர். அந்த ஊர்க்காரங்க சிலபேர் சேர்ந்து 2018-ல யூடியூப்ல சமைக்க ஆரம்பிச்சாங்க. ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’னு பேரு. பெரிய அடுப்பு, அண்டா, அம்மி, வாழை இலை. ஒருத்தர் ஒரு கிண்ணத்தை நீட்டி “மஞ்சத்தூள்!”னு கத்துவார். கொட்டுவார். அடுத்தவர் வந்து “கல் உப்பு!”ம்பார். அவ்வளவுதான் வசனம்.

2021 ஜனவரியில ராகுல் காந்தி இவங்க சமையல்ல கலந்துக்க வந்தார். காளான் பிரியாணிக்கு வெங்காயப் பச்சடி கலக்குறேன்னு இறங்கினவரும் “வெங்காயம், தயிர்”னு தமிழ்லயே சொல்லிக்கிட்டுக் கலக்கினார். பாத்தீங்களா, வந்த விருந்தாளிக்காக இவங்க தங்கள் பேச்சை மாத்திக்கல. வந்தவர்தான் மாத்திக்கிட்டார். அதே வருஷம் தமிழ்ச் சேனல்கள்ல முதல்முறையா ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டாங்க. முதல்வர் நிவாரண நிதிக்கு 10 லட்ச ரூபாயும் கொடுத்தாங்க. மறுவருஷம் ‘விக்ரம்’ படத்துலயும் தலைகாட்டினாங்க.

வாரத்துக்கு ஒரு வேஷம் போடாம, தெரிஞ்ச வேலையைத் தெரிஞ்ச பாஷையில செஞ்சாங்க. எனக்குப் பட்டது அதுதான்.

எங்க தெருவுல ஒரு தம்பியும் சேனல் ஆரம்பிச்சிருக்கார். கேமரா, லைட்டு, மைக்கு, பின்னாடி ஒரு பச்சைத் துணி, எல்லாம் வாங்கியாச்சு.

“எதைப் பத்திப்பா பேசப்போற?”ன்னேன்.

“அதைத்தாண்ணே யோசிச்சிக்கிட்டு இருக்கேன்!”

“சரி, எத்தனை பேரு சேந்திருக்காங்க?”

“ஏழு பேருண்ணே.”

“பரவாயில்லையே!”

“அதுல மூணு நான்தாண்ணே!”