பழைய உத்திரம் விறகல்ல

(கண்டிப் பகுதித் தோட்டமொன்றின் வாசிகசாலையில், மாதர் சங்கமும் இளைஞர் சங்கமும் சேர்ந்து நடத்திய கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, முகம் கழுவக்கூட நேரமில்லாமல் நேரே இங்கே வந்திருக்கிறீர்கள். ஆகையால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இன்று நாம் பேசப்போவது பழைய மரத்தைப் பற்றி. கட்டடம் உடைக்கும்போது கீழே விழுகிறதே, அந்த உத்திரம், கைமரம், சலாகை, இவற்றைப் பற்றித்தான்.

முதலில் எங்கள் பிழையைச் சொல்லிவிடுகிறோம். பழைய பிள்ளைக்காம்பராவை உடைத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கூரைத் தகரம் இறங்கியது, பின்னால் மரங்கள் இறங்கின. கறுத்துப்போய், தூசி பிடித்து, ஆணி துருத்திக்கொண்டு கிடந்தன. "ஐயா, இந்த வெறகை நாங்க எடுத்துக்கிறோம்" என்று நீங்கள் கேட்டீர்கள். மழைக்காலம், அடுப்புக்கு ஆகட்டும் என்று நாங்களும் தலையாட்டினோம். பாதி அடுப்புக்குப் போனது. மீதியை ஒரு வியாபாரி வந்து லொறியில் அள்ளிக்கொண்டு போனார். கொடுத்தது விறகு விலை. சில மாதம் கழித்து, வேறு அலுவலாக ஒரு விடுதிக்குப் போனபோது, அங்கே மாடித் தளத்தில் தேன் நிறத்தில் மின்னுகிற பலகையைப் பார்த்தோம். "இது எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டால், "பழைய தோட்டக் கட்டடத்து மரம், இப்போ இந்த மாதிரி மரம் கிடைக்காது" என்றார்கள். நம்முடைய மரமா, வேறு தோட்டத்து மரமா என்று நாங்கள் விசாரிக்கவில்லை. விசாரித்து என்ன ஆகப்போகிறது? நம் அடுப்பில் சாம்பலான மரத்தின் தம்பிதான் அங்கே தளமாகக் கிடந்தது. அன்று வீடு திரும்பும்வரை மனம் சரியில்லை.

அந்த மரத்துக்கு ஏன் அவ்வளவு மதிப்பு? காரணம் மூன்று. ஒன்று, அது காடு நிறைய மரம் இருந்த காலத்தில் வெட்டிய பெரிய மரம். மெதுவாக வளர்ந்து வைரம் பாய்ந்தது. இரண்டு, கூரையின் கீழே பல பத்து வருடம் காய்ந்தது. புதுமரத்தைப் போல இனிமேல் அதிகம் சுருங்காது, முறுக்காது. மூன்று, இலங்கையில் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை 1990-இல் நிறுத்திவிட்டார்கள். பலா மரத்தை நினைத்தபடி வெட்ட முடியாது என்பதற்கு 1951-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அதனால் நல்ல மரம் வேண்டுமென்றால் பழைய கட்டடத்தைத்தான் தேடி வருகிறார்கள்.

இது புதுப்பழக்கம் என்று நினைக்காதீர்கள். இங்கேயிருந்து தூரமில்லை, உடுநுவரையில் எம்பெக்க தேவாலயம் இருக்கிறது. நம் கதிர்காமக் கந்தனுக்கு எழுப்பிய கோயில், கம்பளையில் அரசர்கள் இருந்த 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்கே மேளம் வாசிக்கும் மண்டபத்தின் செதுக்குத் தூண்களைப் பார்க்க உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். கம்பளையில் கைவிடப்பட்டுக் கிடந்த ராஜசபை மண்டபத்தின் மரங்களைக் கொண்டுவந்துதான் அதைக் கட்டினார்கள் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். அதே கூரையில் 26 கைமரங்களை ஒரே ஒரு மர ஆணி பிடித்துக்கொண்டு நிற்கிறது. அந்தத் தச்சர்கள் பழைய மரத்தை விறகு என்று நினைத்திருந்தால் இன்று பார்க்க என்ன இருக்கும்?

நம் முன்னோர்களின் ஊர்ப்பக்கமும் இந்தக் கதை உண்டு. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளுக்கு அந்தக் காலத்தில் பர்மாவிலிருந்து கப்பலில் தேக்கு வந்தது. பிற்காலத்தில் பல வீடுகளைப் பிரித்தபோது, தூண், கதவு, உத்திரம் எல்லாம் காரைக்குடிக் கடைகளுக்கு வந்தன. வாங்கிப்போகிறவர்கள் பெரிய பெரிய நகரத்துக்காரர்கள். அமெரிக்காவில் பழைய ஆலைகளின் பைன் உத்திரங்களை அரிந்து வீட்டுத் தளம் போடுவது ஒரு பெரிய தொழில். உலகம் எங்கும் இதுதான் நடக்கிறது.

நம் மலைக்கு வருவோம். 1867-இல் கண்டிக்கு ரயில் வந்தது. அதே ஆண்டில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். அதன் பிறகு இந்த மலைகளில் எத்தனை ஸ்டோர், எத்தனை பங்களா, எத்தனை லயம்! அந்த மரங்களைச் சுமந்த தோள் நம் பாட்டன் பூட்டன் தோள். ஹந்தானையில் 1925-இல் கட்டிய ஸ்டோர் கைவிடப்பட்டுக் கிடந்து, 2001-இல் தேயிலை நூதனசாலையானது. கந்தப்பொலையில் ஒரு பழைய ஸ்டோர் 1996-இல் ஹோட்டலானது. எல்லாக் கட்டடத்துக்கும் அந்த யோகம் இல்லை. பலது இடிகிறது. தனி வீடுகள் வர வர, பழைய லயங்களும் பிரிக்கப்படும். அப்போது நாம் என்ன செய்யவேண்டும்?

முதலாவது, கட்டடம் யாருடையது என்று பாருங்கள். நாம் பிறந்த லயமாக இருக்கலாம், ஆனால் மரம் நிர்வாகத்தின் பொறுப்பில் இருக்கிறது. வாயால் சொன்ன வார்த்தை போதாது. இத்தனை உத்திரம், இத்தனை கைமரம் என்று எழுதி, துரையிடம் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். மரத்தை வெளியே கொண்டுபோவதாக இருந்தால், என்ன பத்திரம் வேண்டுமென்று பிரதேச செயலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். ரோட்டில் மறித்த பிறகு "எங்க சொந்த மரந்தாங்க" என்று சொல்லிப் பிரயோசனமில்லை. கண்டி நகரத்துக்குள் இன்னும் கவனம் வேண்டும். 1988 முதல் அது உலக மரபுரிமை நகரம். பழங்காலக் கட்டடத்தில் கை வைக்குமுன் தொல்பொருள் திணைக்களத்தைக் கேட்கவேண்டும்.

இரண்டாவது, மரத்தைப் பாருங்கள். சுத்தியலால் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும். பொத்தென்று கேட்டால் உள்ளே கறையான் குடியிருந்திருக்கிறது. சின்ன ஓட்டைகளிலிருந்து மாவு மாதிரி தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அதைத் தனியாக வையுங்கள். ஓரத்தில் ஒரு இடத்தைச் சீவிப் பாருங்கள். பலா மஞ்சளாகத் தெரியும், நாளாக நாளாகப் பொன்னாகிக் கறுக்கும். தேக்கு எண்ணெய் வாசம் வீசும். முதிரை பளபளக்கும், ஆனால் அதன் தூள் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு உண்டாக்கும்.

மூன்றாவதுதான் முக்கியம். ஆணி. இந்த முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் தம்பியை உங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சம்மதத்தோடுதான் சொல்கிறோம். டவுன் பக்கம் ஒரு மரமில்லில் பழைய உத்திரம் அரியப் போனார். கண்ணுக்குக் கண்ணாடி கொடுக்கவில்லை. மரத்துக்குள்ளே முறிந்து கிடந்த ஆணியில் வாள் பட்டது. வாளின் பல் தெறித்து இடது கண்ணில் ஏறியது. "ஒரு நிமிஷந்தான் அண்ணே, அதுக்கப்புறம் அந்தப் பக்கம் வெளிச்சமே இல்ல" என்று எங்களிடம் சொன்னார். வேலைக்குச் சேர்ந்ததற்குக் கையில் ஒரு துண்டுக் கடதாசி கிடையாது. மருந்துச் செலவுக்கு ஏதோ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1934-இலிருந்து இந்த நாட்டில் இருக்கிறது. ஆனால் அங்கேதான் வேலை செய்தோம் என்று காட்ட ஏதாவது வேண்டுமே! எங்களிடம் அவர் வந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஆகவே தயவுசெய்து கேளுங்கள். ஆணி பிடுங்காத உத்திரத்தை வாளுக்குக் கொடுக்கவே கூடாது. கம்பித்தூரிகையால் மண்ணும் தூசியும் போகத் தேயுங்கள். கறுப்பு, நீலக் கறை தெரிகிற இடமெல்லாம் சந்தேகப்படுங்கள். இரும்பு துருப்பிடித்தால் மரத்தில் அந்தக் கறைதான் படும். பழுதான ரேடியோ ஸ்பீக்கரின் காந்தத்தை ஒரு நூலில் கட்டி, நான்கு பக்கமும் மெதுவாக நகர்த்துங்கள். இழுக்கிற இடத்தில் சோக்கட்டியால் வட்டம் போடுங்கள். ஆனால் ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாது. ஆகையால் காந்தம் பார்த்தாலும் கண்ணாடி போடாமல் வாள் பக்கம் நிற்கவேண்டாம். பதினெட்டு வயது ஆகாத பிள்ளைகளை அந்தப் பக்கமே விடவேண்டாம்.

மரத்தூளும் லேசானதில்லை. நெடுநாள் சுவாசித்தால் மூக்கில் புற்றுநோய் வரக்கூடும் என்று 1995-இலேயே உலகப் புற்றுநோய் ஆய்வாளர்கள் சொல்லிவிட்டார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். பெயின்ற் பூசிய மரத்தையும், தார் ஏறிய ரயில் சிலிப்பர் கட்டையையும் அடுப்பில் வைக்கவே வேண்டாம். அந்தப் புகை முதலில் போவது தாயின் நெஞ்சுக்கும் கைப்பிள்ளையின் நெஞ்சுக்கும்தான்.

இனி அரிகிற கணக்கு. எட்டு அங்குலத்துக்கு ஆறு அங்குலம், பன்னிரண்டு அடி நீளத்தில் ஒரு உத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சுற்றிவர கால் அங்குலம் பழுது சீவினால் மிச்சம் ஏழரைக்கு ஐந்தரை. வட்டவாள் ஒவ்வொரு வெட்டுக்கும் கால் அங்குலம் தின்றால், ஓர் அங்குலப் பலகை ஆறு வரும். பட்டைவாள் மெல்லியது. அதில் ஏழு வரும். ஒரு உத்திரத்துக்கு ஒரு பலகை மிச்சம்! நாக்கும் காடியும் வெட்டிய பிறகு பலகைக்கு ஐந்து அங்குல அகலம் என்றால், ஒவ்வொன்றும் ஐந்து சதுர அடி. ஆறு பலகை முப்பது. பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவுக்கு நாலு உத்திரம், சேதத்துக்கு இன்னொன்று. இந்தக் கணக்குத் தெரிந்தவனிடம் யாரும் விறகு விலை பேசமாட்டார்கள்.

அரியும்போது மரத்துக்குள் இருக்கிற முறுக்கு விடுபடும். பிளவு மூடிக்கொண்டு வாளைக் கவ்வும். பின்னால் ஒரு ஆப்பு வைத்துக்கொள்ளவேண்டும். அரிந்ததும் அவசரப்பட்டுப் பதிக்கக்கூடாது. எந்த அறையில் போடப்போகிறோமோ அந்த அறையிலேயே, இடையிடையே சலாகை வைத்து அடுக்கி, சில வாரம் காற்றாட விடவேண்டும். நம் மலைக் குளிருக்கும் ஈரத்துக்கும் பலகை பழகவேண்டும். பதிக்கும்போது சுவரோரம் அரை அங்குலம் இடைவெளி விடுங்கள். மழைக்குப் பலகை ஊதினால் தளம் தூக்காது.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறோம். ஈரம் ஏறுகிற மண்தரையில், காற்றோட்டமில்லாத லயக் காம்பராவில் பலகை போட்டால் கறையானுக்கு விருந்து வைத்த மாதிரி. அங்கே சீமெந்துதான் சரி. பலகைத் தளம் மாடிக்கு, உயர்த்திக் கட்டிய இடத்துக்கு ஏற்றது. மற்றவர்கள் அந்த மரத்தில் கட்டில், வாங்கு, கதவு, பிள்ளைகளுக்குப் படிக்கிற மேசை செய்துகொள்ளலாம்.

இப்போது கொஞ்சம் காலைத் தூக்கிக் கீழே பாருங்கள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இந்த வாசிகசாலைத் தளம் எங்கேயிருந்து வந்தது? மேல் டிவிசன் பழைய களஞ்சியத்தை உடைத்தபோது, இந்த முறை நாங்கள் தூங்கவில்லை. எழுத்தில் அனுமதி வாங்கினோம். மாதர் சங்கத்தார் மரத்தைத் தேய்த்தார்கள். இளைஞர்கள் ஆணி பிடுங்கினார்கள். இரண்டு வாளி நிறைய ஆணி! காந்தத்தைக் கையில் பிடித்து, ஒவ்வொரு உத்திரத்தையும் தடவிப் பார்த்து, "இது அரியலாம், இது கூடாது" என்று சொன்னவர் யார் தெரியுமா? முன்வரிசைத் தம்பிதான். ஒரு கண்ணோடு அவர் பார்த்ததை இரண்டு கண் உள்ள நாங்கள் பார்க்கவில்லை. அவர் தள்ளிவைத்த உத்திரமொன்றைப் பிளந்து பார்த்தபோது, உள்ளே ஒரு விரல் நீளத்துக்கு முறிந்த போல்ட் கிடந்தது.

இளைஞர்களே, யுவதிகளே, தச்சு வேலைக்குத் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது. ஏற்கெனவே கை பழகியவர்கள், தெரிந்த வேலையைச் செய்து காட்டியும் அதைப் பெறலாம். விண்ணப்பம் நிரப்பத் தெரியாவிட்டால் எங்களிடம் வாருங்கள். மில்லில் வேலைக்குப் போகிறவர்கள், சேர்ந்த திகதியைக் காட்டும் ஒரு கடதாசி வாங்கிவந்து எங்களிடம் ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். தாய்மார்களே, அடுத்த முறை ஒரு கட்டடம் உடையும்போது, அடுப்புக்கு எடுக்குமுன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். விறகுக்குச் சலாகைத் துண்டும் ஓரச் சீவலும் போதும், பெயின்ற் இல்லாததாகப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். உத்திரத்தை மட்டும் விட்டு வையுங்கள்.

பாட்டன் சுமந்த மரம் பேரனுக்கு உதவட்டும். தேத்தண்ணி தயாராக இருக்கிறது, குடித்துவிட்டுப் போங்கள்.