இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்த பிறகு



நான் நெய்க்காரப்பட்டி. பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். என் நாத்தனாருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்தப்ப ஆஸ்பத்திரியில் கூட இருந்தது நான். வீட்டுக்கு வந்த பிறகு மூணு மாசம் பார்த்துக்கிட்டதும் நான்தான். டாக்டரும் பிசியோதெரபி அம்மாவும் சொன்னதை என் பையனோட பழைய நோட்டில் எழுதி வச்சிருந்தேன். அதைத்தான் இப்ப சொல்லப் போறேன்.

நம்ம முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி ஒரு ஜவ்வு இருக்கு. அது பிதுங்கி நரம்பை அழுத்தினால் புட்டத்தில் ஆரம்பிச்சுக் குதிகால் வரைக்கும் சுண்டி இழுக்கும். இப்படி வர்றவங்களில் பாதிக்கு மேல் மாத்திரை, பயிற்சி, கொஞ்சம் பொறுமை இதிலேயே ஆறு வாரம், மூணு மாசத்தில் தேறிடுறாங்க. அதனால் இடுப்பு வலின்னதும் ஆபரேஷன்னு பயப்பட வேண்டாம். ஆனால் பாதம் தூக்க முடியாம செருப்பு கழண்டு விழுந்தால் தள்ளிப் போடக் கூடாது. ஒண்ணுக்கு வராம அடைச்சாலோ, தெரியாம போனாலோ, உட்காருற இடம் மரத்துப் போனாலோ அன்னைக்கே 108-க்குக் கூப்பிடணும். வெட்கப்பட்டுக்கிட்டு இதை வீட்டு ஆம்பளைங்ககிட்ட சொல்லாம இருக்கிறவங்க நம்மில் நிறையப் பேர்.

நரம்பு எவ்வளவு நாள் அழுந்திக் கிடந்ததோ, அதுக்கேத்த மாதிரிதான் தேறும். நாம என்ன பண்றோம்? கரும்பு வெட்டு முடியட்டும், பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், சீர் செஞ்சு முடிக்கட்டும்னு தள்ளிக்கிட்டே போறோம். என் நாத்தனார் எட்டு மாசம் தள்ளினாங்க. ஆபரேஷன் முடிஞ்ச மறுநாளே கால் வலி விட்டுடுச்சு. கால் விரல் மரமரப்பு மட்டும் போகலை. இருபதாம் நாள், "காசு போனதுதான் மிச்சம்"னு ஒரே அழுகை. டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார்: கால் வலி சீக்கிரம் குறையும், மரமரப்பு போக மாசக்கணக்காகும், இடுப்பில் கொஞ்சம் வலி தங்கினாலும் தங்கும்னு. நோட்டை எடுத்து அதைப் படிச்சுக் காட்டின பிறகுதான் அன்னைக்குச் சாப்பிட்டாங்க. எது எப்ப சரியாகும்னு ஆபரேஷனுக்கு முன்னாடியே கேட்டு வச்சுக்கிறது பாதி மருந்து.

இன்னொண்ணு, ஆபரேஷனுக்கு முன்னாடியே சரி பண்ண வேண்டியது. சர்க்கரை கூட இருந்தால் புண் ஆறாது, சீழ் வைக்கும். ரத்தம் குறைவா இருந்தால் தெம்பு திரும்பாது. புகையிலை, பீடி ரத்த ஓட்டத்தைக் குறைக்கும். பிளேட்டு, ஸ்குரூ வச்சு எலும்பைச் சேர்க்கிற ஆபரேஷன்னா எலும்பு ஒட்டுறதே கஷ்டமாயிடும். பீடிதானே, நமக்கில்லைன்னு நினைக்காதீங்க. வெத்தலையோட பொயலை அடக்குற அம்மாக்கள் இங்கேயே உட்கார்ந்திருக்கீங்க, பேர் சொல்லலை.

வீட்டுக்கு வந்த பிறகு நடக்கிறதுதான் பெரிய கதை. பார்க்க வர்றவங்க ஆப்பிளோட பயத்தையும் சேர்த்துக் கொண்டு வர்றாங்க. "காலைக் கீழே வைக்காதே, கம்பி கழண்டுடும்", "எங்க ஊர்ல ஒருத்தி இப்படித்தான் எந்திரிச்சு நடந்து படுத்த படுக்கையாயிட்டா". எங்க தெருவில் ஒரு அக்கா இதையெல்லாம் கேட்டு ஒன்றரை மாசம் கட்டிலை விட்டு இறங்கலை. தொடை வத்திப் போச்சு, நிற்கவே தலை சுத்துச்சு. படுத்தே கிடந்தால் கால் நரம்பில் ரத்தமும் உறையும். என் நாத்தனாரை மறுநாளே பிடிச்சு நடக்க வச்சாங்க. வீட்டில் அஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு நாலஞ்சு தடவை. அப்புறம் கூட்டிக் கூட்டி, ஒரு மாசத்தில் தெரு முனை வரைக்கும். "நடக்கிறப்ப லேசா வலிச்சால் உள்ளே ஏதோ கெட்டுப் போச்சுன்னு அர்த்தமில்லை"ன்னு பிசியோதெரபி அம்மா திரும்பத் திரும்பச் சொன்னாங்க.

நடக்கலாம், குனியக் கூடாது, இடுப்பைத் திருகக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. முதல் ஆறு வாரம் இரண்டு கிலோவுக்கு மேல் வேண்டாம்னு எங்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தாங்க. உங்க ஆபரேஷனுக்கு எவ்வளவுன்னு உங்க டாக்டரைக் கேட்டுக்கோங்க. பிளாஸ்டிக் குடத்தில் ஒரு குடம் தண்ணி பதினஞ்சு கிலோ. அப்புறம் பேரப்பிள்ளை இருக்கான், "ஆயா தூக்கு"ம்பான். கீழே இருந்த அடுப்பை மேடைக்கு ஏத்தினோம். கக்கூஸில் குத்த வைக்க முடியாதுன்னு நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி வாங்கினோம். கட்டிலில் இருந்து எந்திரிக்கும்போது ஒருக்களிச்சுத் திரும்பி, கையை ஊணி எந்திரிக்கணும். வலி மாத்திரை மலச்சிக்கல் பண்ணும், முக்கினால் இடுப்பு வலிக்கும். அதனால் கீரை, நம்ம ஆயக்குடி கொய்யா, நிறையத் தண்ணி. பத்தியம்னு முட்டை, பருப்பை நிறுத்திடாதீங்க, புண் ஆற அதுதான் வேணும். சுளுக்கு எடுக்கிறேன், எண்ணெய் போட்டு உருவுறேன்னு வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிடுங்க. காய்ச்சல், தையலில் சீழ், தண்ணிக் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும்.

செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கு. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் வாங்கலாம். வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும். படுக்கையில் சேர்க்கிறதுக்கு முன்னாடியே ஆஸ்பத்திரியில் இருக்கிற காப்பீட்டுக் கவுன்டரில், நம்ம ஆபரேஷன் இதில் வருதான்னு கேட்டுடுங்க. 2021 ஆகஸ்டில் ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறதும் உண்டு. வீடு வீடா வர்ற அந்தத் தன்னார்வலர்கள் நம்மை மாதிரி குழுப் பெண்கள்தான், கூச்சப்படாம பேரைக் கொடுங்க.

இப்ப நான் இந்த மேடைக்கு வந்ததுக்கு முக்கியக் காரணத்தைச் சொல்லிடுறேன். என் நாத்தனார் இருபத்தஞ்சாம் நாள் களை வெட்டக் கிளம்பினாங்க. வலி விட்டுடுச்சுன்னு இல்லை. வெளியில் வாங்கின வாரக் கடனுக்குத் தவணைக்காரர் வந்து வாசலில் உட்கார்ந்துட்டார். அத்தனை பேர் சொல்லிக் கொடுத்த பயிற்சியும் அந்த அரை மணி நேரத்தில் வீணாகப் பார்த்துச்சு. எங்க குழுவில் அன்னைக்குச் சாயங்காலமே கூட்டம் போட்டோம். குழுச் சேமிப்பில் இருந்து வெளிக்கடன் தவணை நாலைக் கட்டினோம். குழுக் கடனுக்கு மூணு மாசம் அசல் வேண்டாம், வட்டி மட்டும் போதும்னு தீர்மான நோட்டில் எழுதினோம். தண்ணி எடுக்க நாள் முறை போட்டோம். ஒரு தவணை கூடக் குழுவுக்கு நஷ்டமாகலை. மூணு மாசம் கழிச்சு அவங்களே முழுசும் கட்டினாங்க. இப்ப காட்டு வேலைக்குப் போறாங்க, மூட்டை மட்டும் தூக்குறதில்லை.

அதனால் கூட்டமைப்புக்கு என் கோரிக்கை: பெரிய ஆபரேஷன் ஆன உறுப்பினருக்கு மூணு மாசம் அசல் தவணையை நிறுத்தி வைக்கிற தீர்மானத்தை எல்லாக் குழுக்களுக்கும் பொதுவா எழுதணும். நலிவுற்றோருக்குன்னு இருக்கிற நிதியில் இருந்து அந்தச் சமயத்தில் கைமாத்தும் கொடுக்கணும். எங்க குழுவின் தீர்மான நோட்டைக் கொண்டு வந்திருக்கேன், செயலாளர் அக்காகிட்டக் கொடுத்துட்டுப் போறேன். நாற்காலியும் எங்க வீட்டில் சும்மாதான் இருக்கு, வேணுங்கிறவங்க வந்து எடுத்துக்கிட்டுப் போங்க.